வலிக்கு ரெண்டு வேளை மாத்திரை: மருந்துக்கடையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்

மாலை ஆறரை மணிக்கு மேல் தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகர மருந்துக்கடையின் முன் நின்றாலும், "முட்டி வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க", "தலை இடிக்குது, நல்ல மாத்திரையா ஒண்ணு கொடுங்க" என்ற குரல்கள் காதில் விழும். கையில் சீட்டு இருக்காது. மருந்தின் பெயரும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அட்டையிலிருந்து வெட்டி எடுத்த நான்கு மாத்திரைகள் சிறிய காகித உறைக்குள் விழுகின்றன, சில்லறை கைமாறுகிறது, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மருத்துவ முடிவும் எடுக்கப்பட்டுவிட்டது. வலிக்குக் காரணம் என்ன, வந்தவருடைய வயிறும் சிறுநீரகமும் எந்த மருந்தைத் தாங்கும், ஏற்கெனவே அவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பவற்றுக்கெல்லாம், யாரும் கேட்காமலேயே, ஒரு விடை ஊகிக்கப்பட்டிருக்கிறது.

அன்றாட வலியைப் பொறுத்தவரை பெரும்பாலான குடும்பங்கள் முதலில் சந்திக்கும் சுகாதாரப் பணியாளர் மருந்தாளுநர்தான். காத்திருக்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, இரவு பத்து மணி வரை கடை திறந்திருக்கிறது. ஆகவே வலியைக் கையாள்வதில் அவருக்குப் பங்கு உண்டா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தப் பங்கை அவர் தம் படிப்பைப் பயன்படுத்திச் செய்கிறாரா, அல்லது படிப்பைப் பெட்டியில் பூட்டிவிட்டு வெறுமனே எடுத்துக்கொடுக்கிறாரா என்பதே கவனிக்க வேண்டியது.

சட்டம் அவரை எடுத்துக்கொடுப்பவராக மட்டும் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே தருகிறது. 2015இல் வந்த மருந்தியல் தொழில் நடைமுறை விதிமுறைகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதையும் அவருடைய கடமைகளில் ஒன்றாக எழுதி வைத்துள்ளன. ஆனால், சீட்டு இல்லாமல் கடையில் வாங்கத்தக்க மருந்துகள் என்று ஒரு தனி வகையை இந்தியச் சட்டம் தெளிவாக வரையறுத்ததில்லை. டைக்லோஃபினாக், மெஃபினாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணையில் இருக்கின்றன; நடைமுறையில் அவை கடலை மிட்டாய் போல விற்பனையாகின்றன. 2022 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் 16 மருந்துகளைச் சீட்டின்றி விற்க அனுமதிக்கும் வரைவு ஒன்றை வெளியிட்டது. பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரையும் டைக்லோஃபினாக் மேற்பூச்சும் அதில் இடம்பெற்றிருந்தன. ஐந்து நாளுக்கு மேற்படாத அளவே விற்கலாம், அதற்குள் தீராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. ஐந்து நாள் என்ற அந்த எல்லை, வரைவு என்னவானாலும், ஒவ்வொரு கடையிலும் எழுதி ஒட்டத் தக்கது.

பாராசிட்டமாலிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதை ஆபத்தில்லாத மாத்திரை என்று எல்லோரும் நம்புகிறோம். அளவுக்குள் இருக்கும்வரை அந்த நம்பிக்கை பெருமளவு சரியானதே. உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்து பல பெயர்களில் பல அட்டைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரையை நான்கு வேளை விழுங்கும் ஒருவர், மூக்கடைப்புக்கு 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையை மூன்று வேளையும், முதுகுவலிக்கு 325 மி.கி. கலந்த அசிக்ளோஃபினாக் மாத்திரையை இரண்டு வேளையும் சேர்த்துக்கொண்டால், அவருடைய அன்றைய கணக்கு 4,750 மி.கி. ஆகிவிடுகிறது. மூன்றும் வெவ்வேறு நோய்க்கான வெவ்வேறு மருந்துகள் என்றே அவர் நினைத்திருப்பார். பாராசிட்டமால் உடைபடும்போது உண்டாகும் நச்சுப்பொருளைக் கல்லீரலிலுள்ள குளூட்டாதயோன் செயலிழக்கச் செய்கிறது. அந்த இருப்பு தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் அழியத் தொடங்குகின்றன. முதல் நாள் சிறு குமட்டலைத் தவிர எதுவும் தெரியாமல் இருக்கக்கூடும் என்பதுதான் இதன் கொடுமை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியும், மூன்று அட்டைகளையும் திருப்பிப் பார்க்கும் அரை நிமிடமும் போதும், இதைத் தடுத்துவிடலாம்.

குழந்தைகளின் மருந்தில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒரு வேளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது பாராசிட்டமாலின் அளவு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மி.கி. வேண்டும். கடையில் இருக்கும் திரவ மருந்துகளோ 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளவை, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ளவை, ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. அடங்கிய சொட்டு மருந்து என மூன்று விதமாக இருக்கின்றன. அதே குழந்தைக்கு முதல் சிரப்பில் 5 மி.லி., இரண்டாவதில் 2.5 மி.லி., சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யை ஒட்டிய அளவு என்று மாறுகிறது. போன முறை ஒரு மூடி கொடுத்தோம் என்ற நினைவில் தாய் சொட்டு மருந்தையும் 5 மி.லி. கொடுத்துவிட்டால் 500 மி.கி. உள்ளே போய்விடும், அதாவது பெரியவர் சாப்பிடும் ஒரு முழு மாத்திரை. புட்டியின் மேல் பேனாவால் அளவை எழுதித் தருவதும், மருந்தோடு வரும் அளவு மூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ காட்டி அடையாளக் கோட்டைத் தொட்டுச் சொல்வதும் மருந்தாளுநரால் மட்டுமே அந்த நேரத்தில் செய்யக்கூடியவை. சமையலறைக் கரண்டி இந்த வேலைக்கு உதவாது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்று நீளும் அழற்சி தணிக்கும் மாத்திரைகளின் குடும்பம். பிராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதைத் தடுத்து இவை வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் குறையும் வேளையில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுவே. வலி குறையும்போது இந்தக் காவலும் குறைகிறது. வயிற்றுப்புண்ணும் இரத்தக்கசிவும் இதனால் வருபவை என்பதைப் பலரும் அறிவார்கள். கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' கேட்டு வாங்குவதும் அதனால்தான். ஆனால் கேஸ் மாத்திரை வயிற்றைத்தான் காக்கும். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அது எந்தப் பாதுகாப்பும் தராது. இது போதுமான அளவுக்குச் சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவற்றையும் அதோடு நீர் பிரியும் மாத்திரையையும் சாப்பிடுபவர், முட்டி வலிக்கு டைக்லோஃபினாக்கும் சேர்த்துக்கொண்டால் மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தை நெருக்குகின்றன. டைக்லோஃபினாக் உள்ளே வரும் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இரத்த அழுத்த மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, நீர் பிரியும் மாத்திரை உடலின் நீரையே குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் எங்கிருந்தும் கிடைப்பதில்லை. சித்திரை வெயிலில் நாற்று நடுபவரோ, உப்பளத்தில் நிற்பவரோ, சூளையில் செங்கல் அடுக்குபவரோ வியர்த்து வறண்ட உடலோடு மாலையில் வந்து உடம்பு வலிக்கு மாத்திரை கேட்கும்போது இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஓர் இடைவெளி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஏழை முதியவர்களுக்கு அது பெரிய நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஒரு விளைவாக, அந்த மாத்திரைகள் மருந்துக்கடைக்காரரின் கண்ணில் படாமலேயே போய்விடுகின்றன. தொடர் நோய்க்கான மருந்து அரசுப் பதிவில் இருக்கிறது. வலி மாத்திரை காகித உறையில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் அந்த முதியவரின் சிறுநீரகம். ஆகவே ஐம்பது வயதைக் கடந்த எவர் வலி மாத்திரை கேட்டாலும், "பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை ஓடுதா, வீட்டுக்கு வந்து குடுக்குறாங்களா?" என்று கேட்காமல் டைக்லோஃபினாக்கை எடுக்கக் கூடாது. மாரடைப்பு வந்து தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுபவரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஐபுபுரூஃபனை முன்னதாக விழுங்கினால், இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினின் வேலையை அது தடுத்துவிடக்கூடும்.

கலப்பு மாத்திரைகளின் கதை தனியாகவே எழுதத் தக்கது. வலிக்கு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்தால் மூன்று மடங்கு கேட்கும் என்ற எண்ணத்தில் இந்தியச் சந்தை நெடுநாள் இயங்கியிருக்கிறது. 2018 செப்டம்பரில் 328 கலப்பு மருந்துகளையும், 2023 ஜூனில் நிமிசுலைடும் பாராசிட்டமாலும் சேர்ந்த கரையும் மாத்திரை உள்ளிட்ட 14 கலப்புகளையும், 2024 ஆகஸ்டில் 50 மி.கி. அசிக்ளோஃபினாக்கும் 125 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை உள்ளிட்ட 156 கலப்புகளையும் மத்திய அரசு தடை செய்தது. வீக்கம் குறைக்கும் என்று பல வலி மாத்திரைகளில் இன்றும் சேர்க்கப்படும் செர்ரேஷியோபெப்டிடேஸை, பயன் நிரூபிக்கப்படவில்லை என்பதால் ஜப்பானில் அதன் மூல நிறுவனமே 2011இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடைப் பட்டியல் வெளியாகும்போது கடையின் அலமாரியிலிருந்து எதை அகற்ற வேண்டும் என்று தெரிந்திருப்பதும் மருந்தாளுநரின் வலி மேலாண்மைதான்.

இவற்றைவிடக் கவலை தருவது, பெயர் தெரியாமல் பிரித்துக் கொடுக்கப்படும் மாத்திரைகள். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பொடியாக ஒன்று என உறைக்குள் போகும் கலவையில் அந்தப் பொடி மாத்திரை டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரே வேளையில் முட்டி வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருப்பதுபோல் தோன்றும். அந்தக் கடைக்காரருக்குக் கைராசி என்ற பெயரும் வந்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும், உடலே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரப்பும் அடங்கிவிடும். பிறகு திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. மறுநாள் ஏதாவது நேர்ந்து மருத்துவமனைக்குப் போனால், என்ன சாப்பிட்டார் என்று சொல்ல ஒருவரிடமும் தடயம் இருப்பதில்லை. உறையின் மேல் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்காத விற்பனையை, என் மனத்தில், மருந்து வழங்குதல் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெயரில்லா மாத்திரை மருந்துக்கடைக்கு வெளியேயும் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட புலனாய்வு, மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்குப் பெயர்ச் சீட்டு இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. விடுப்பு எடுக்காமல் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவே அந்த மாத்திரை. மருந்தாளுநர் என்ற ஒருவர் நடுவில் இல்லாதபோது வலி மருந்து எதற்குக் கருவியாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மாதவிடாய் வலிக்கு நம் கடைகளில் அதிகம் போவது மெஃபினாமிக் அமிலம். உணவுக்குப் பின் இரண்டு மூன்று நாள் எடுப்பதற்கு அது பலருக்கும் பொருந்தும் மருந்துதான். ஆனால் 2023 நவம்பர் இறுதியில் இந்திய பார்மகோபியா ஆணையம் அதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: மருந்து எடுத்த இரண்டு முதல் எட்டு வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு என வரக்கூடிய 'ட்ரெஸ்' என்னும் கடும் ஒவ்வாமையைக் கவனிக்குமாறு அது கேட்டுக்கொண்டது. மாதாமாதம் வாங்கும் பெண்ணிடம், தோலில் தடிப்பு ஏதும் வந்ததா, வலி ஆண்டுக்காண்டு கூடுகிறதா, கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்று மரியாதையோடும் குரலைத் தாழ்த்தியும் கேட்பது அவசியம். நான்கு பேர் வரிசையில் நிற்கும் கடை முகப்பு இதற்கு ஏற்ற இடமில்லை என்பது உண்மைதான். ஓரமாக ஒரு நாற்காலி போட இடமுள்ள கடைகள் அதைச் செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பு வலி என்று வருபவருக்குப் பாராசிட்டமால் தவிர வேறெந்த வலி மாத்திரையும் தரக் கூடாது. அது டெங்குவாக இருந்தால் இரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் டைக்லோஃபினாக்கும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

மாத்திரையே தராமல் அனுப்ப வேண்டிய வேளைகளும் உண்டு. நெஞ்சை அழுத்துகிறது, இடது தோள் இழுக்கிறது, வியர்க்கிறது என்பதை வாய்வுப் பிடிப்பு என்று பெயரிட்டு அமில நீக்கி கேட்கும் வழக்கம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. அப்படிக் கேட்பவரை உட்காரவைத்து 108க்கு அழைப்பதே அப்போதைய வலி மேலாண்மை. முதுகுவலியோடு கால் மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும், தலைவலியோடு கழுத்து விறைப்பதும், இடி விழுந்ததுபோலத் திடீரென்று வரும் தலைவலியும் இதே வரிசையில் சேர்பவை. வாரத்தில் நான்கு நாள் தலைவலி மாத்திரை வாங்குபவரை வேறு விதமாகக் கவனிக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குகிறது. இதை மருத்துவரைவிட முன்னதாகக் காணக்கூடியவர், அதே முகத்தை அடிக்கடி பார்க்கும் கடைக்காரர்தான்.

தைலத்தையும் விட்டுவிட முடியாது. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனத்திலிருந்து இன்றைய ஜெல்கள் வரை, தேய்த்துக்கொள்வது நம் வீடுகளின் முதல் வைத்தியம். முட்டித் தேய்மான வலிக்கு டைக்லோஃபினாக் ஜெல் நல்ல தெரிவு. தோல் வழியே இரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சிறு பங்கே என்பதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை குறைவு. வயதானவருக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் எடுத்துவைக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் மட்டும் வின்டர்கிரீன் மணமுள்ள தைலங்களை நிறையத் தேய்க்கக் கூடாது. சூடம் கலந்தவற்றைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவவும் கூடாது.

இவ்வளவும் தெரிந்த மருந்தாளுநர் ஏன் கேட்பதில்லை? பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, அதற்குரியவர் கடையில் இல்லை. விற்பவர் அனுபவத்தில் கற்றவர். மருந்தாளுநர் இருக்கும் கடையிலும் கேள்விக்கு விலையில்லை. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத இலாபத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பத்து ரூபாய்க்கு விற்கும் பாராசிட்டமால் அட்டையில் அது ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. ஐந்து நிமிடம் பேசி, மாத்திரை வேண்டாம் என்று அனுப்பினால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில், தொண்டை வலி, குழந்தைகளின் காதுவலி உள்ளிட்ட ஏழு நிலைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து முடிவெடுக்கலாம். ஒவ்வோர் ஆலோசனைக்கும், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அரசு பணம் தருகிறது; தொடங்கியபோது அது 15 பவுண்டாக இருந்தது. அதே நாடு 1998இல் பாராசிட்டமாலைப் பொதுக்கடைகளில் ஒரு பொட்டலத்துக்கு 16 மாத்திரையாகவும் மருந்துக்கடைகளில் 32 ஆகவும் குறைத்தது. அடுத்த பதினோரு ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த மருந்தால் நிகழ்ந்த இறப்புகள் ஏறத்தாழ 43 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். நம் மருந்தாளுநருக்கு 15 பவுண்டு கிடைக்கப்போவதில்லை என்பது தெரிந்ததே. ஆனாலும் மருந்து கொடுக்காமல் அனுப்புவதும் ஒரு பணி, அதற்கும் ஊதியம் உண்டு என்ற அந்த எண்ணத்தை இங்கே கொண்டுவரத் தடை எதுவும் இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. விலை குறைப்போடு ஆலோசனையையும் அவற்றின் வேலையாக வைத்தால், அந்த முயற்சியைத் தொடங்க அவை பொருத்தமான இடம்.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர், பி.பி. எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பதிவு செய்துகொண்டு மாத்திரை கொடுக்கிறார். வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரை மருந்தாளுநர் உறையின் மேல் எழுதித் தந்து, அந்த உறையைத் தன்னார்வலரிடம் காட்டச் சொல்லி, அதற்கும் பதிவில் ஒரு வரி ஒதுக்கினால், டெல்மிசார்டனும் டைக்லோஃபினாக்கும் ஒரே உடம்புக்குள் போவது அடுத்த மாத வருகையிலேயே ஒருவர் கண்ணில் பட்டுவிடும்.